படியில நிக்காதீங்க

என் மாமனார் போலீஸ்காரர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார். நடந்தது அவ்வளவுதான். அதைப் பற்றி இரண்டு நீதிமன்றங்கள் உட்கார்ந்து யோசித்திருக்கின்றன. யோசித்து என்ன சொல்லின என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் ரத்தம் தலைக்கு ஏறுகிறது.

நான் பல் செட் செய்கிறவள். வீட்டின் முன்னறைதான் என் பட்டறை. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். நான் அதில் பிளாஸ்டர் ஊற்றித் தாடை வார்த்து, மெழுகில் பல் அடுக்கி, ஈறு நிறத்தில் ஒரு பொடியைக் குழைத்துச் செட்டை வேக வைத்து, மோட்டாரில் தேய்த்து மெருகேற்றிக் கொடுப்பேன். யாருடைய வாய் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் எந்தப் பக்கம் மெல்லுவார், தூக்கத்தில் பல்லைக் கடிப்பாரா என்பதெல்லாம் தாடையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அலமாரி முழுக்க வெள்ளைத் தாடைகள். வெள்ளைப் பொடி ஒரு பீப்பாய், ரோஸ் பொடி ஒரு டப்பா, மூக்கைத் துளைக்கிற திரவம் நாலைந்து பாட்டில். நான் சொல்லிக்கொண்டு போகும்போதே உங்களுக்குக் கதை எங்கே போகிறது என்று புரிந்திருக்கும்.

என் வீட்டுக்காரர் கப்பலில் சமையல்காரர். வருஷத்தில் பாதி நாள் கடலில் இருப்பார், மீதிப் பாதி வீட்டில் தூங்குவார். ஆகவே வீட்டில் நானும் மாமனாரும்தான். மாமனார் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோருக்கும் அவர் கண்டக்டர்தான், எனக்கு மட்டும் மாமா. வேலையை விட்டு எத்தனையோ வருஷமாகியும் ஒரு பழக்கம் அவரை விடவில்லை. படியில் யாராவது நின்றால் அவருக்கு ஆகாது. பால்காரர், தபால்காரர், சந்தா கேட்டு வருகிறவர், யாராக இருந்தாலும் வாசல்படியில் கால் வைத்த உடனே, "படியில நிக்காதீங்க, உள்ள வாங்க, உள்ள நிறைய இடம் இருக்கு" என்பார். வந்தவர் உட்கார்ந்து தண்ணீர் குடித்த பிறகுதான் என்ன விஷயம் என்று கேட்பார். எத்தனையோ விற்பனைக்காரர்கள் இப்படி உள்ளே வந்து என் கழுத்தை அறுத்திருக்கிறார்கள்.

எங்களுக்கு மேலே மாடியில் ஒருவன் வாடகைக்கு இருந்தான். பார்த்தால் பரம சாது. போலி மாத்திரை அடித்து விற்கிறான் என்று போலீஸுக்குத் துப்பு கிடைத்து, அவன் அறையைச் சோதனை போட நீதிமன்றத்தில் உத்தரவு வாங்கி வந்தார்கள். உத்தரவில் மாடி என்று தெளிவாக எழுதியிருந்தது. மாடிக்காரன் முந்தின நாளே கம்பி நீட்டிவிட்டான். பூட்டை உடைத்து உள்ளே போனவர்களுக்கு ஒரு கட்டிலும் கிழிந்த பாயும்தான் கிடைத்தன. வெறுங்கையோடு இறங்கி வந்தவர்கள், அடுத்து என்ன செய்வது என்று எங்கள் வாசல்படியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

மாமா கதவைத் திறந்தார். மீதியை நீங்களே சொல்லிவிடலாம்.

நான் அப்போது வீட்டில் இல்லை. ஒரு டாக்டரிடம் செட் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தால் வாசலில் வண்டி நிற்கிறது. என் அலமாரி காலி. இரண்டு போலீஸ்காரர்கள் ஆளுக்கொரு சாக்கைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். சாக்குக்குள்ளே தாடைகள் கடகடவென்று உருளும் சத்தம் கேட்கிறது. இன்ஸ்பெக்டர் நாற்காலியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். துளி கறை இல்லாத சட்டை, நறுக்கென்று வெட்டிய மீசை, குரலில் ஒரு நிதானம். என் அவசரத்துக்கும் அவர் நிதானத்துக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

"சார், இது பல்லு."

"தெரியுதும்மா. மாத்திரை அச்சு மாதிரியும் இருக்கு."

"எந்த ஊர்ல சார் மாத்திரை கடைவாய்ப்பல் மாதிரி இருக்கு?"

"அதை ஆய்வுக்கூடம் சொல்லட்டும். நாங்க எல்லாத்தையும் பத்திரமாத்தான் எடுத்து வச்சிருக்கோம். மேல்தாடை எல்லாம் ஒரு சாக்கு, கீழ்த்தாடை எல்லாம் ஒரு சாக்கு. அடுக்கறதுல நம்ம ஆளுங்க கெட்டி."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். கணவனையும் மனைவியையும் பிரித்துத் தனித்தனி வண்டியில் ஏற்றின மாதிரி, ஒருவருடைய மேல்வாய் ஒரு சாக்கில், கீழ்வாய் இன்னொரு சாக்கில்.

"உத்தரவு மாடிக்குத்தானே சார் இருக்கு? என் வீட்டுக்குள்ள எப்படி வந்தீங்க?"

இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்தவில்லை. "பெரியவர்தான் கூப்பிட்டாரு. நாற்காலி போட்டாரு, தண்ணி குடுத்தாரு. சம்மதத்தோடதான் வந்தோம்."

மாமா சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். கையில் காலி டம்ளர். அவர் வாயில் நான் செய்துகொடுத்த செட் இருந்தது. வாய்க்குள் இருந்ததால் தப்பித்த ஒரே செட் அதுதான்.

என் தம்பி வக்கீல். ஓடி வந்தான். "கவலைப்படாதக்கா, ஒரே வாரத்துல எடுத்துடலாம்" என்றான். வக்கீல்களின் வாரம் எத்தனை நாள் என்று அப்போது எனக்குத் தெரியாது.

ஆய்வுக்கூடம் பிளாஸ்டரைப் பிளாஸ்டர் என்றே சொன்னது. சொல்லி என்ன பயன்? மாடிக்காரன் வழக்கில் எடுத்த பொருள்களாம், அவன் பிடிபட்டு வழக்கு முடிகிற வரை காவலில்தான் இருக்குமாம். அவன் எந்த ஊரில் யார் வீட்டு மாடியில் இருக்கிறானோ. சோதனையே சட்டத்துக்குப் புறம்பானது என்று நிரூபித்தால் மட்டும் உடனே திரும்பக் கிடைக்கும் என்றான் தம்பி. அப்படித்தான் நாங்கள் நீதிமன்றத்துக்குப் போனோம்.

இதற்கிடையில் டாக்டர்கள் போனில் என்னை வறுத்தெடுத்தார்கள். அவர்களுடைய நோயாளிகள் பொக்கை வாயோடு காத்திருந்தார்கள். ஒரு அம்மா நேராக வீட்டுக்கே வந்துவிட்டார். வாயை முந்தானையால் மூடிக்கொண்டு, "என் பல்லு போலீஸ் ஸ்டேஷன்ல என்ன பண்ணுது?" என்று கேட்டார். மாமா அவருக்கும் நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தார். புதிதாகச் சாமான் வாங்கிப் போடவும் வழியில்லை. அடுத்த தெருவில் ஒரு பட்டறையில் கூலிக்குப் பல் அடுக்கப் போனேன். சொந்தப் பட்டறை வைத்திருந்தவள் இன்னொருத்தர் மேஜையில் ஓரமாக உட்கார்ந்து வேலை செய்வது எப்படி இருக்கும் என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

கீழ் நீதிமன்றம் எங்கள் மனுவைத் தள்ளிவிட்டது. அதற்குச் சில வாரம் முன்னால்தான் வேறு ஏதோ வழக்கில் பெரிய நீதிமன்றம் ஒன்று, தடுக்காமல் உள்ளே விட்டாலே சம்மதம் என்று சொல்லியிருந்ததாம். அதை அப்படியே எடுத்துப் போட்டுவிட்டு, "வீட்டின் பெரியவர் காட்டிய உபசாரமே அவருடைய சம்மதத்துக்குச் சாட்சி" என்று எழுதிவிட்டார்கள். தம்பி அதை வாசித்துக் காட்டி முடித்ததும் மாமா அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அன்று சாப்பிடும்போது, "தாகமா இருந்த மாதிரி தெரிஞ்சுதும்மா" என்றார்.

அதற்குப் பிறகும் வாசலுக்கு ஆள் வந்தால் கதவைத் திறக்கத்தான் செய்தார். திறந்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். உள்ளே கூப்பிடலாமா என்று என்னிடம் அனுமதி கேட்கிற பார்வை. அது எனக்குப் பிடிக்கவேயில்லை.

அப்பீல் போட்டோம். ஒருநாள் தம்பி துள்ளிக்கொண்டு வந்தான். சமையலறைக்குள் வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, புதுசா ஒரு தீர்ப்பு வந்திருக்கு. மனசு தெளிவா இல்லாதவங்க குடுக்கிற சம்மதம் சம்மதமே இல்லைன்னு. நமக்குன்னே எழுதின மாதிரி இருக்கு."

"நமக்கு எதுக்கு அது?"

"மாமாவுக்கு வயசாச்சு. ஞாபக மறதி இருக்குன்னு ஒரு டாக்டர் சர்டிபிகேட் வாங்கிட்டா போதும். கேஸ் முடிஞ்சுது."

"மாமாவுக்கு மறதியா? இருபது வருஷத்துக்கு முன்னாடி சில்லறை பாக்கி வச்சவங்க பேரையெல்லாம் இன்னும் சொல்றாருடா அவர்."

"எனக்குத் தெரியாதா? ஆனா தண்ணி குடுத்தது சம்மதம் இல்லைன்னு வாதாடினா ஜெயிப்போமான்னு சொல்ல முடியாது. இது கண்டிப்பா ஜெயிக்கும். உனக்கு பட்டறை வேணுமா, வேண்டாமா?"

"வேணும். அதுக்காக அவரைப் பைத்தியம்னு எழுதித் தரணுமா? உள்ள வந்தது அவங்க. சாமானை அள்ளிட்டுப் போனது அவங்க. கோளாறு மட்டும் இவருக்கா?"

"சட்டம் அப்படித்தான்க்கா இருக்கு."

கரண்டியை மேடையில் வீசினேன். சத்தம் கேட்டு மாமா வந்து கதவருகில் நின்றார். காது அவருக்கு அபாரமாகக் கேட்கும்.

"தம்பி சொல்றது சரிதான்ம்மா" என்றார். "நான்தானே உள்ள விட்டேன். நானே வெளிய எடுத்துக் குடுத்துடறேன். எந்த டாக்டர்?"

வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். கப்பலுக்குப் போன் போட்டேன். ஒரு வழியாக லைன் கிடைத்து, விஷயத்தைச் சொன்னால் என் வீட்டுக்காரர், "நீயே பாத்து எதுன்னாலும் செய்" என்றார். அலை சத்தத்துக்கு நடுவில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. நல்ல ஆளிடம் கேட்டேன்.

டாக்டரின் அறை சின்னது. ஜன்னலோரம் ஒரு மண்டையோட்டு பொம்மை, அதன் கீழ்ப்பல் வரிசை தப்பாக ஒட்டியிருந்தது. மாமாவை எதிரில் உட்கார வைத்து டாக்டர் அன்பாகத்தான் கேட்டார்.

"இன்னைக்கு என்ன கிழமை பெரியவரே?"

மாமா கொஞ்சம் யோசித்துத் தப்பான கிழமையைச் சொன்னார்.

"இது எந்த மாசம்?"

அதையும் தப்பாகச் சொன்னார். தப்பாகச் சொல்வதிலும் ஒரு அளவு வைத்திருந்தார். முந்தின மாதத்தைச் சொன்னார்.

"நூறுல ஏழு போனா?"

முப்பது வருஷம் ஓடுகிற பஸ்ஸில் நின்றபடி, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒருவர் கொடுத்த நோட்டுக்கு நாலு பேருடைய பாக்கியைக் கணக்குப் பார்த்துக் கொடுத்த மனிதர். மேஜைக்கடியில் அவர் கட்டைவிரல், டிக்கெட் கிழிப்பது போல ஆள்காட்டி விரலின் மேல் ஒருமுறை தேய்ந்ததைப் பார்த்தேன்.

"தெரியலீங்க" என்றார்.

எனக்கு அவமானமாக இருந்தது. அவருக்காக இல்லை, எனக்காக. எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. எழவில்லை. டாக்டர் எழுத ஆரம்பித்திருந்தார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது மாமா ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். வழக்கமாக, அந்தக் கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதில் ஏதாவது குற்றம் கண்டுபிடிப்பார். அன்று பிடிக்கவில்லை. பல நிறுத்தங்கள் தாண்டிய பிறகு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "தொண்ணூத்தி மூணு" என்றார். பிறகு, "எண்பத்தாறு. எழுபத்தொம்பது. எழுபத்திரெண்டு." அப்படியே எங்கள் நிறுத்தம் வரும் வரை இறங்கிக்கொண்டே வந்தார்.

ஜெயித்தோம். மேல் நீதிமன்றம் சோதனை சட்டப்படி செல்லாது என்றது. பெரியவருக்கு மனத்தெளிவு இல்லை என்று மருத்துவச் சான்று இருப்பதால் அவருடைய சம்மதத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது. ஆகையால், உபசாரம் செய்வது சம்மதமாகுமா என்ற கேள்விக்குள் போகவேண்டிய அவசியம் இந்த வழக்கில் எழவில்லை. இதுதான் தீர்ப்பு. நாங்கள் கேட்ட கேள்வியை மட்டும் தாண்டிக் குதித்துப் போய்விட்டார்கள். அந்தக் கேள்வியைத் தவிர எல்லாவற்றையும் எழுதியிருந்தார்கள்.

சாக்குகள் வந்தன. முன்னறைத் தரையில் துணி விரித்து மேல்தாடைகளை ஒரு பக்கமும் கீழ்த்தாடைகளை ஒரு பக்கமும் பரப்பி, ஒன்றோடொன்றைக் கடிக்க வைத்துப் பார்த்து ஜோடி சேர்த்தோம். மாமாவும் கூட உட்கார்ந்தார். பாதி உடைந்திருந்தன. ஜோடி சேர்ந்தவையும் உதவவில்லை. பல் இல்லாத ஈறு நாளாக ஆகத் தேய்ந்து போகும். அத்தனை நாள் காத்திருந்தவர்களின் வாய்க்குப் பழைய அச்சு எப்படிப் பொருந்தும்? சட்டம் என் தாடைகளை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டது, வாய்கள்தான் அந்த இடத்தில் இல்லை. எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

சாக்குகளோடு அவர்கள் தூக்கிக்கொண்டு போன மோட்டார் மட்டும் வரவில்லை. வேறு கிடங்கில் இருக்கிறதாம், தேடுகிறார்களாம். மோட்டார் இல்லாமல் ஒரு செட்டையும் முடிக்க முடியாது. வேக வைத்த செட்டுகளைக் கூடையில் போட்டுக்கொண்டு சாயங்காலம் அடுத்த தெருப் பட்டறைக்குப் போய், அவர்கள் வேலை முடித்த பிறகு கெஞ்சித் தேய்த்து வந்தேன். அவர்களும் எத்தனை நாள்தான் முகம் சுளிக்காமல் இருப்பார்கள்?

அப்போதுதான் அந்த இன்னொரு தீர்ப்பு வந்தது. மாமாதான் பேப்பரில் பார்த்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தம்பிக்கும் எனக்கும் வாசித்துக் காட்டினார். வேறு யாரோ, வேறு ஏதோ வீடு. வாசலில் வந்தவரை மரியாதைக்காக உள்ளே அழைத்து உட்காரச் சொல்வதைச் சோதனைக்குச் சம்மதம் என்று கொள்ள முடியாது என்று அதே மேல் நீதிமன்றத்தின் வேறு நீதிபதிகள் சொல்லியிருந்தார்கள்.

"இதைத்தானே தம்பி நாமளும் கேட்டோம்?"

"ஆமா மாமா. ரொம்ப நல்ல தீர்ப்பு." தம்பியின் முகத்தில் முதலில் சந்தோஷம்தான் இருந்தது. அப்புறம்தான் என்னைப் பார்த்தான்.

"அப்போ என் சர்டிபிகேட்?"

"அது... அது தனி மாமா. நம்ம கேஸ் முடிஞ்சுபோச்சு. ஜெயிச்ச கேஸ்ல அப்பீல் போக முடியாது."

மாமா பேப்பரை மடித்து வைத்தார். நான் தம்பியைக் காய்ச்சி எடுத்தேன். கொஞ்சம் பொறுத்திருந்தால், கொஞ்சம் துணிந்து வாதாடியிருந்தால் என்று என்னென்னவோ கத்தினேன். பாவம், அவன் என்ன ஜோசியமா படித்தான்? ஆனால் கத்துவதற்கு எனக்கு வேறு ஆளும் இல்லை.

ஒரு வழியாக மோட்டார் கிடைத்துவிட்டது. நான் கடைக்குப் போய்விட்டு வரும்போது இன்ஸ்பெக்டர் எங்கள் வாசல்படியில் வெயிலில் நின்றுகொண்டிருந்தார். காலடியில் என் மோட்டார், அதே கறையில்லாத சட்டை. கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே ஒரு நாற்காலி வாசலைப் பார்த்துப் போட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் மாமா நின்றார். கையில் தண்ணீர் நிரம்பிய டம்ளர்.

"ஏன் சார் வெளிய நிக்கறீங்க?"

"நீங்க வரட்டும்னுதான்மா. ஐயா உள்ள கூப்பிட்டாரு. ஆனா அவர் கூப்பிட்டா நாங்க வரக்கூடாது, தீர்ப்புல இருக்கு. பெற்றுக்கொண்டதா ஒரு கையெழுத்து வேணும். அதையும் நீங்கதான் போடணும். அவர் போட்டா செல்லாது." அவர் குரலில் கிண்டல் இல்லை. நிஜமாகவே மரியாதையாகத்தான் சொன்னார்.

"தண்ணியாவது குடிச்சிருக்கலாமே."

"வேண்டாம்மா. எதுக்கு வம்பு?"

மாமா டம்ளரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் குடுக்கற தண்ணியும் செல்லாதாம்மா?"

நான் பையைக் கீழே வைத்தேன். மோட்டாரைப் பார்த்தேன். அதன் ஒயரைக்கூட அழகாகச் சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

"சார், அவர் கையெழுத்துப் போடுவாரு. வாங்கிக்கோங்க."

"அது முடியாதும்மா. சொன்னேனே."

"நூறுல ஏழு போனா எவ்வளவுன்னு கேளுங்க. அதுல ஏழு போனா எவ்வளவுன்னு கேளுங்க. பூஜ்யத்துக்குப் பக்கம் போற வரைக்கும் கேளுங்க. அப்புறமா சொல்லுங்க, செல்லுமா செல்லாதான்னு."

"நீங்க போட்டா ஒரு நிமிஷத்துல முடிஞ்சுடும். இல்லைன்னா நான் இதைத் திரும்ப எடுத்துட்டுப் போய் ஒப்படைக்கணும். அப்புறம் நீங்க மறுபடி மனு போட்டு..."

"எடுத்துட்டுப் போங்க."

"அம்மாடி, போட்டுடு" என்றார் மாமா.

"முடியாது மாமா. உங்களுக்குத் தெளிவு இல்லைன்னு ஒருதடவை ஒத்துக்கிட்டாச்சு, போதும்."

இன்ஸ்பெக்டர் பேனாவை என் பக்கம் நீட்டிப் பார்த்தார். என் கோபம் தணியும் என்று எதிர்பார்த்திருக்க வேண்டும். பிறகு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போனார். நான் மாமாவின் கையிலிருந்த டம்ளரை வாங்கி, அந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே மூச்சில் குடித்தேன். வெயிலில் வந்ததற்கு நன்றாகத்தான் இருந்தது.

வண்டி தெருமுனை தாண்டுவதற்குள் தம்பி போன் செய்துவிட்டான். இன்ஸ்பெக்டர் அவனிடம் சொல்லியிருக்கிறார்.

"அக்கா, உனக்கென்ன பைத்தியமா?"

"ஆமாடா" என்றேன். "எனக்கும் ஒரு சர்டிபிகேட் வாங்கிக் குடு."